குறை சொல்லக் கூடாத நாற்பத்தெட்டு நாட்கள்

ஆவரங்காட்டுப்புதூரில் புதிதாக எது வந்தாலும், அது கடையோ, வீடோ, மருமகளோ, மாடு கட்டும் கொட்டகையோ, வந்த நாளிலிருந்து நாற்பத்தெட்டு நாள் கழியும்வரை அதில் யாரும் ஒரு குறையும் சொல்லக் கூடாது என்று ஒரு வழக்கம் இருந்தது. சுவர் கோணலாக நின்றாலும், பாயசத்தில் உப்பு விழுந்திருந்தாலும், "அம்சமா இருக்குதுங்க" என்று சொல்லி, கொடுத்த காபியைக் குடித்து, வாசல்வரை சிரித்துக்கொண்டே வந்துவிட வேண்டும். நாற்பத்தொன்பதாம் நாள் விடிந்ததும் அதே ஆட்கள் அதே சுவருக்கு முன்னால் வந்து நின்று, கொத்தனார் யார், மணல் எங்கே எடுத்தது, மட்டம் பார்த்தார்களா இல்லையா என்று ஆரம்பித்து, ஒன்றரை மாதமாக வயிற்றுக்குள் வைத்திருந்ததை எல்லாம் இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள். இப்படிப்பட்ட ஊரில்தான் தமயந்தி, ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், நல்ல நேரம் பார்த்து, குறை சொல்வதையே ஒரு தொழிலாக ஆரம்பித்தாள்.

தமயந்திக்கு வயது முப்பத்தாறு. கோயமுத்தூரில் வலைத்தளம் செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்றில் பதினொரு வருடம் வேலை பார்த்தவள்; திங்கட்கிழமை விடிகாலையில் பஸ் ஏறிப் போய், வாரம் முழுக்க ஹாஸ்டல் சாம்பாரைச் சாப்பிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் வீடு திரும்பி, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் புருஷனோடு இருந்துவிட்டு மறுபடி பஸ் ஏறியவள். புருஷன் மாரப்பன் ஊருக்குள் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருந்தான்; களத்தில் தேங்காய்ப் பருப்பு காயப்போட்டு, காக்கை விரட்டி, நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம் என்று இருப்பவன். பதினோராம் வருடத்தின் ஒரு திங்கட்கிழமை தமயந்திக்குப் பஸ் படியில் கால் வைக்க மனசு வரவில்லை. புதூரில் அரிசி மில் முதல் ஆட்டுத்தீவனக் கடைவரை எல்லாருக்கும் ஆளுக்கொரு வலைத்தளம் இருந்தது, ஒன்றுகூடப் பார்க்கச் சகிக்கவில்லை, அதைப் பார்த்து இன்ன இடத்தில் இன்ன குறை என்று எழுதிக் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கம்பெனிக்காரர்கள், அடுத்த மாதக் கடைசிவரை உன் நாற்காலியை யாருக்கும் தரமாட்டோம், யோசித்துச் சொல் என்றார்கள். தொழில் ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணிப் பார்த்தால் அந்தக் கடைசித் தேதி சரியாக நாற்பத்தெட்டாவது நாளாக இருந்தது. அதற்குள் ஒரே ஒரு ஆள் தன் வேலையை உண்மையாகப் பார்த்து உண்மையாக ஒரு குறை சொன்னால் போதும், இங்கேயே இருந்துவிடுவது, இல்லாவிட்டால் திங்கட்கிழமை பஸ்ஸே கதி என்று மாரியம்மன் கோயிலில் நின்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், வீட்டுக்கு வந்து மாரப்பனிடமும் சொன்னாள்.

சேவைக்குக் 'குறைநிறை' என்று பெயர். பக்கம் முழுக்க வெள்ளை, எழுத்து மட்டும் பச்சை; மேலே தலைப்பு, நடுவில் என்ன செய்வோம் என்று சில வரிகள், கீழே 'எங்கள் நிபுணர் குழு' என்று ஒரு தலைப்பும் 'அனுபவம் மிக்க எங்கள் குழு உங்கள் தளத்தை நுணுக்கமாக ஆராயும்' என்று ஒரு வாசகமும், அதற்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெற்றிடமும். குழு என்று யாரும் கிடையாது, அவள் ஒருத்திதான். பேரையும் படத்தையும் போட்டால் மில்லுக்காரர் வீட்டு அம்மணி ஆச்சே என்று முகத்துக்காகப் பேசுவார்கள், உண்மை வராது என்று அவளுக்குச் சந்தேகம். பிறவியிலேயே கொஞ்சம் சந்தேகக்காரி அவள். பால்காரர் அளந்து ஊற்றும்போது படியைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்க்கிறவள்.

தெரிந்தவர் நாற்பது பேருக்குப் போனில் பக்கத்தை அனுப்பி, நல்லதெல்லாம் வேண்டாம், எது சரியில்லையோ அதை மட்டும் சொல்லுங்கள் என்று எழுதினாள். நாற்பது பேரும் பதில் போட்டார்கள். சூப்பர் என்றார்கள், அருமை என்றார்கள், கும்பிடும் கைகளை வரிசையாக அனுப்பினார்கள், ஒருவர் ரோஜாப்பூவுக்குள் விளக்கு எரியும் படத்தை அனுப்பி வாழ்க வளமுடன் என்றார். ஜவுளிக்கடை வளர்மதி அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், வாய்த்துடுக்குக்காரி, அவளாவது சொல்வாள் என்று நேரிலேயே போய்க் கேட்டாள் தமயந்தி.

"பாத்தனே புள்ள. அம்சமா இருக்குது."

"நெசமாலுமே பாத்தயா?"

"பாக்காமயா சொல்றேன்? நாப்பத்தெட்டு நாள் போகட்டும், அப்பறம் ஒக்காந்து பேசுவோம்."

ஒருத்தரும் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று தமயந்தி அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

முதல் வாடிக்கையாளராக வந்தவர் அரிசி மில் நாச்சிமுத்து. அவருடைய வலைத்தளத்தின் மூலையில், ஊரில் எல்லாத் தளங்களிலும் இருப்பதைப் போலவே, கட்டிடத்து முகப்பில் தொங்கவிடும் திருஷ்டி பொம்மையின் படம் இருந்தது: கோரைப்பல், தொங்கும் நாக்கு, பிதுங்கிய கண். தமயந்தி பதினோரு குறை எழுதிக் கொடுத்தாள், அதில் முதல் குறை, இந்தப் பொம்மை அரிசியைப் பார்க்கவிடாமல் கண்ணை இழுக்கிறது, எடுத்துவிடுங்கள் என்பது. பதினொரு வருடம் இந்த வேலை பார்த்தவளே சொல்லிவிட்டாளே என்று நாச்சிமுத்து புதன்கிழமை பொம்மையை எடுத்துவிட்டார். வியாழக்கிழமை காலையில் அவர் மில்லைத் திறந்தபோது எடை போடும் தராசின்மேல், வடை மடித்த காகிதத்தில் இருக்குமே, அந்த மாதிரி எண்ணெய்க் கறை திட்டுத்திட்டாக இருந்தது.

துணியால் துடைத்தார், போகவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தார், போகவில்லை. அரிசி மூட்டைகள்மேல் ஒரு கறையும் இல்லை, பொன்னி என்றும் இட்லி அரிசி என்றும் எழுதி வைத்த பலகைமேல் இல்லை, தராசின்மேல் மட்டும் கறைமேல் கறையாக விழுந்துகொண்டே இருந்தது. பத்து மணிக்கு ஒரு வாடிக்கையாளர் வந்து அரிசியைக் கையில் அள்ளி, முகர்ந்து, பிரமாதம் என்று சொன்ன அதே நேரத்தில் தராசில் புதுக்கறை ஒன்று பொட்டாக முளைத்ததை நாச்சிமுத்து தன் கண்ணால் பார்த்தார். பார்வை பட்ட இடத்தில் கறை பிடிக்கிறது என்று அவருக்குப் புரிய அரைமணி நேரம் ஆனது. இருபத்திரண்டு வருடமாகத் தன் அரிசியைப் புகழ்ந்தவர்கள் எல்லாரும் தன் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று புரிய இன்னும் அரைமணி நேரம் ஆனது. அன்றைக்கு அவர் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை.

ஒரு வாரத்தில் ஊர் முழுக்கக் கறை பிடித்தது, பிடிக்கும் விதம் இன்னது என்று ஊரும் கண்டுகொண்டது: தன் பொருளைத் தானே பார்த்தால் கறை இல்லை, அடுத்தவர் பொருளைப் பார்த்தால் உண்டு, ஏழு நாளில் தானாக மங்கும், அதற்குள் மறுபடி பார்த்தால் மங்காது, யார் கண் என்று மட்டும் தெரியாது. மாரியம்மன் கோயிலில் அம்மன் முகத்தில் கறையே இல்லாமல், உபயதாரர் பெயர் எழுதிய டியூப்லைட்டில் மட்டும் பெயர் தெரியாத அளவுக்குக் கறை படிந்திருந்தது, அதைப் பார்த்த பூசாரி அந்த டியூப்லைட்டைத் துணி போட்டு மூடினார். மெஸ்ஸில் நெய் ஊற்றுகிறவரின் கரண்டி பிடித்த கை முழங்கைவரை பளபளத்தது. முகூர்த்த நாளன்று கல்யாண மண்டபத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் துடைத்து வைத்தாற்போல் மணமேடையில் உட்கார்ந்திருக்க, சாப்பாட்டுக் கூடத்துக் கதவில் கறை வழிந்து தரைக்கு வந்துவிட்டது, பெண்ணின் தகப்பனார் முதல் பந்தி முடியும்வரை யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பயந்தவர் யாருமில்லை, ஒருவரையொருவர் சந்தேகப்படத்தான் நேரம் சரியாக இருந்தது. கொடியில் காய்கிற துணியில் கறை இருந்தால் எதிர்வீட்டு ஜன்னலை முறைத்தார்கள், புது மோட்டார் சைக்கிளில் கறை இருந்தால் அண்ணன் வீட்டை முறைத்தார்கள். பெண்கள் நிலத்தைப் பார்த்து நடந்தார்கள், ஆண்கள் கூலிங் கிளாஸ் வாங்கிப் போட்டார்கள், கூலிங் கிளாஸ் போட்டவன் எதற்குப் போட்டான் என்று மற்றவர்கள் சந்தேகப்பட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் மேலே வானத்தைப் பார்த்து நின்றார்கள், வானத்தில் கறை பிடித்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு கறையிலும் ஒரு லாபம் இருக்கிறது என்று வளர்மதி கண்டுபிடித்தாள். கறை பட்ட சேலை நாலு பேர் பார்த்த சேலை, நாலு பேர் பார்த்தது நல்ல சேலையாகத்தான் இருக்கும் என்று வாடிக்கையாளர்கள் அதையே கேட்டு வாங்க ஆரம்பித்ததும், அவள் மாரப்பன் மில்லிலிருந்து ஒரு டின் எண்ணெய் வாங்கி, கண்ணாடிக்குள் தொங்கவிட்ட சேலைகளில் விரலால் தொட்டுத் தொட்டு வைத்தாள். அதையும் ஊர் கண்டுபிடித்தது. பார்வைக்கு வாசம் கிடையாது, எண்ணெய்க்கு உண்டு. அதனால் எதை வாங்குவதானாலும் முதலில் மூக்கருகில் வைத்து முகர்ந்து பார்ப்பது புதூரில் வழக்கமாகிவிட்டது, சேலை, செருப்பு, சைக்கிள், பெண் பார்க்கப் போன இடத்தில் நாற்காலிகூட.

இதற்கெல்லாம் மூலம் தமயந்தி என்று ஊர் முடிவு செய்ய வெகுநாள் ஆகவில்லை. வியாபாரிகள் சங்கத்தில் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, நாச்சிமுத்துவைப் பேச விட்டார்கள்.

"அம்மணி, பொம்மைங்கறது சும்மா இல்லீங்க. வர்ற கண்ணையெல்லாம் அது வாங்கிக்கும். நீங்க எடுக்கச் சொன்னீங்க, நானும் எடுத்தேன். இப்பக் கண்ணுக்குப் போக எடமில்லீங்க, பட்ட எடத்துல ஒட்டிக்குது."

"அப்பத் திரும்ப மாட்டிருங்க."

"மாட்டியாச்சுங்க. அதும்பட மூஞ்சியில ஒரு பொட்டுக் கறை இல்லீங்க. ஒருத்தரும் இப்ப அதைப் பாக்கறதே இல்ல, அல்லாரும் கறையத்தான் பாக்கறாங்க." நாச்சிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார். அன்றைக்கு இருபத்தேழாவது நாள்தான் ஆகியிருந்தது. "உங்க வேலை நல்ல வேலைங்க, அம்சமான வேலை. அதுல நாங்க ஒரு கொறையும் சொல்லலீங்க. நிறுத்திப்போட்டீங்கன்னா இன்னும் அம்சமா இருக்கும்."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். தமயந்தி கலரைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவுடன் அவள் செய்த முதல் வேலை தன் பக்கத்தைத் திறந்து பார்த்ததுதான். பார்வை பொருளில்தான் ஒட்டும் என்பதால் யார் போனில் பார்த்தாலும் கறை பக்கத்திலேயே தங்கும், எதில் திறந்தாலும் தெரியும். நாச்சிமுத்துவின் தளத்தில் தெரிந்தது, ஜவுளிக்கடைத் தளத்தில் தெரிந்தது. அவள் பக்கத்தில் ஒன்றுமில்லை. எழுத்துக்கள் பச்சைப்பசேலென்று அப்படியே இருந்தன, நாற்பது பேர் அருமை என்று சொன்ன பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தையின்மேல்கூட ஒரு கண்ணும் படவில்லை. சந்தேகப்பட்டது சரிதான் என்று தெரிந்துகொள்வதில் ஒரு சந்தோஷம் இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள், இருக்கவில்லை. மாரப்பன் களத்திலிருந்து கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "வெறுமையாக் கெடக்குதுங்க. ஒருத்தரும் பாக்கல," என்றாள். அவன் தண்ணீர் மொண்டு கொடுத்தான்.

அதன்பிறகு அவள் யாருக்கும் வணக்கம் வைப்பதில்லை. எதிரே வருகிறவர் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார் என்று யோசித்தாள். தினமும் காலையில் பக்கத்தைத் திறப்பதும், வெறுமையாக இருப்பதைப் பார்த்து மூடுவதுமாக நாள் போயிற்று, முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்தைந்து என்று நாள் போயிற்று, முப்பத்தாறாம் நாள் காலையில் திறந்தால் எழுத்துக்களின்மேல் கறை.

முதலில் அவள் நம்பவில்லை. தலைப்பின்மேல் ஒரு கறை, அதற்குக் கீழ் வரியில் இரண்டு, அடுத்த வரியில் இரண்டு. மறுநாள் இன்னும் கொஞ்சம். யாரோ படிக்கிறார்கள், வரி வரியாகப் படிக்கிறார்கள், இப்படிப் படிக்கிற ஆள் கண்டிப்பாக ஒரு குறை சொல்லுவார் என்று நினைத்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குச் சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றி மாரப்பனுக்கு வைத்தாள், ஹாஸ்டலில் இருந்த பதினொரு வருடமும் பிழியாத சந்தகை. நாலு நாள் அந்தச் சந்தோஷம் இருந்தது. ஐந்தாம் நாள் அவளுடைய தொழில்புத்தி விழித்துக்கொண்டது. மனுஷக் கண் இப்படிப் போகாது என்பது பதினொரு வருடம் அவள் பார்த்த வேலை. மேலே பார்க்கும், நடுவில் தாவும், சலித்துப்போய்க் கீழே விழும், எதையும் முழுசாகப் பார்க்காது. இந்தக் கறைகளோ நாற்று நட்டது போல வார்த்தைக்கு ஒன்றாக வரிசை பிசகாமல் நின்றன. அதுவும் தினமும் மதியம் ஒன்றிலிருந்து இரண்டுக்குள்தான் புதுக்கறை வந்தது, மில்லில் செக்கு நிறுத்திச் சாப்பிடுகிற நேரம்.

ஒரு மணிக்குக் களத்துக்குப் போனாள். மாரப்பன் வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்து, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமல் வைத்துவிட்டு, போனைக் கைநீளத்துக்குப் பிடித்து, புருவத்தைச் சுருக்கி, ஒவ்வொரு வார்த்தையாக உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது.

"என்ன பண்றீங்க?"

"பாக்கறேன்."

"படிக்கறீங்களா?"

"இல்ல. பாக்கறேன்."

"எதுக்குங்க?"

"வெறுமையாக் கெடக்குதுன்னு அழுதயே."

அவளுக்கு வந்த கோபத்தில் காக்கைகள் எழும்பிப் பறந்தன. "சேலைக்கு எண்ணெய் தடவறவளுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டாள்.

மாரப்பன் போனை மடியில் வைத்தான். "இது எண்ணெய் இல்ல தமயந்தி," என்றான். "கண்ணுதான்."

மூன்று நாள் அவள் அவனோடு பேசவில்லை. புருஷன் பார்வையையும் நம்ப முடியாத ஊரில் இருந்து என்ன பிரயோஜனம், திங்கட்கிழமை பஸ் எவ்வளவோ தேவலை என்று துணிமணிகளை எடுத்துப் பைக்குள் அடுக்கினாள், பல் துலக்கும் பிரஷ்வரை அடுக்கினாள். கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு: வேலை ஒன்றை முடித்துக் கட்டும்போது அதைக் காகிதத்தில் அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் கடைசியாக ஒருமுறை திருத்தி, கோப்புக்குள் வைத்துவிடுவார்கள். நாற்பத்தாறாம் நாள் காலை பதினொரு மணிக்கு அவள் மில் ஆபீசில் தன் பக்கத்தை அச்செடுத்தாள். பார்வை பக்கத்தோடு ஒட்டியிருந்ததால் காகிதத்திலும் வந்தது. பழக்கதோஷத்தில் அவளும் அதை மூக்கருகில் வைத்து முகர்ந்தாள், வாசம் இல்லை. பிறகு மாரப்பனுடைய வரிசைகளைப் பார்ப்பதற்காகக் களத்துக்கு வந்து காகிதத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

மாரப்பனின் கறைகள் சின்னச் சின்னப் புள்ளிகளாக வெளிச்சம் விட்டன. கீழே, 'எங்கள் நிபுணர் குழு' என்ற தலைப்புக்குப் பக்கத்தில், அவள் எதுவும் போடாமல் விட்டிருந்த வெற்றிடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் காகிதம் கண்ணாடியாக ஊறி, சூரியன் அந்த வழியாக அப்படியே அவள் முகத்தில் அடித்தது.

வெள்ளையில் விழுந்த கறை, பின்னாலிருந்து வெளிச்சம் வரும் போன் திரையில் வெள்ளையாகவே இருந்திருக்கிறது. நாற்பது பேரும் பார்த்திருக்கிறார்கள். நாற்பது பேருக்கு மேலும் பார்த்திருக்கிறார்கள், ஏழு நாளைக்குள் திரும்பத் திரும்ப வந்து பார்த்திருக்கிறார்கள், எழுத்தில் ஒன்றைக்கூடத் தொடாமல் எல்லாக் கண்ணும் ஒன்றுமே இல்லாத அந்த ஓர் இடத்துக்கே போயிருக்கின்றன. தமயந்தி காகிதத்தை எடுத்துக்கொண்டு, செருப்பை மாற்றிப் போட்டது தெரியாமல், வளர்மதியின் கடைக்கு நடந்தாள்.

"இங்க என்னத்தைப் பாத்தீங்க எல்லாரும்?"

வளர்மதி காகிதத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இன்னும் ரெண்டு நாள் இருக்குதே புள்ள."

"கொறை சொல்ல வேண்டாம். கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"பதிலுன்னா சொல்லலாம்." வளர்மதி கல்லாவை விட்டு இறங்கி வந்தாள். "கறை வர்றதுக்கு முன்னயே எழுத்தையெல்லாம் படிச்சாச்சு, குழுன்னு போட்டிருந்தது. குழு எங்கடான்னு தேடுனோம். உன்ற மொகம் இருக்கும்னு தேடுனோம். நீ ஒருத்திதான்னு ஊருக்கே தெரியும், நீ ஒருத்திதான்னு நீ சொல்றயான்னு பாத்தோம். தெனமும் போய்ப் பாத்தோம், இன்னைக்காவது போட்டிருக்கறாளான்னு. மொகத்தைக் காட்டாம கொறை சொன்னா அதுக்கு இந்த ஊர்ல என்ன பேரு? மொட்டைக் கடுதாசி. மொட்டைக் கடுதாசி போடறவகிட்ட எவன் மனசு தொறந்து பேசுவான்?"

"மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல."

"வழக்கம் இருக்குதில்ல."

ஊரே தன்னிடம் மறைக்கிறது என்று ஒன்றரை மாதம் சந்தேகப்பட்டவள், மறைத்தது தான் ஒருத்திதான் என்று தெரிந்ததும் அங்கேயே சேலைக் கட்டுக்களின்மேல் உட்கார்ந்துவிட்டாள். வெட்கமாக இருந்தது. வளர்மதி அவள் செருப்பைக் கழற்றி, சரியான காலில் மாட்டிவிட்டாள்.

அன்று மத்தியானமே களத்தில் நின்று மாரப்பனைப் படம் எடுக்கச் சொன்னாள். மூன்று நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான், அவனும் ஏன் எதற்கு என்று கேட்காமல் எடுத்தான்; வெயிலில் கண் கூசி அவள் முறைப்பது போல விழுந்திருந்தது. அதையே போட்டாள். குழுவை எடுத்துவிட்டு, 'தமயந்தி, மாரப்பன் எண்ணெய் மில், ஆவரங்காட்டுப்புதூர். குறை சொல்வது நான் ஒருத்திதான்' என்று எழுதினாள்.

நாற்பத்தெட்டாம் நாள் காலை எழுந்து கண்ணாடி பார்த்தபோது அவளுடைய இடது கன்னத்தில் கைக்குழந்தைக்கு வைக்கும் பொட்டு அளவுக்கு ஒரு கறை பளபளத்தது. பத்து மணிக்குள் அது நாலணா அகலம் ஆனது, பன்னிரண்டு மணிக்குக் காதுவரை போனது. ஊர்க் கண்ணெல்லாம் அந்தப் படத்துக்கே போனதால் ஊரில் வேறு எங்கும் புதுக்கறை விழவில்லை. ஏழு நாள் கணக்கெல்லாம் பார்க்காமல் கல்யாண மண்டபக் கதவு காய்ந்தது, மெஸ்காரரின் கை காய்ந்தது, நாச்சிமுத்துவின் தராசு மேலே விழுந்த பார்வை அத்தனையையும் உதிர்த்துவிட்டுப் பித்தளையாக நின்றது. அவர் அவசர அவசரமாக எண்ணெய் மில்லுக்கு வந்து, "அம்மணி, அந்தப் போட்டோவை எனக்கும் அனுப்புங்க, எம்பட தளத்துல பொம்மை இருந்த மூலையில போட்டுக்கறேன்," என்று கேட்டார். அது மரியாதையா அவமரியாதையா என்று தமயந்திக்கு அன்றும் தெரியவில்லை, பிற்பாடு ஊரில் எல்லாத் தளத்தின் மூலையிலும் அவள் முறைத்துக்கொண்டு இருந்தபோதும் தெரியவில்லை. ஆனால் ஒரு குறை சொல்லுங்கள் என்று அவரைக் கேட்டதற்கு, "நாளைக்கு வர்றனுங்க, நெறைய இருக்குது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கம்பெனிக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். அடுக்கிய பை அடுக்கியபடியே கட்டிலடியில் இருந்தது.

ஒரு மணிக்கு மாரப்பனுக்குச் சாப்பாடு எடுத்துப் போனாள். அவன் எழுந்து வந்து அவள் கன்னத்தைத் துண்டால் துடைத்துப் பார்த்தான், போகவில்லை. குனிந்து, கன்னத்தருகே மூக்கை வைத்து முகர்ந்தான்.

"வாசம் இல்ல," என்றான். "நெசந்தான்."

"நெசமா இருந்து என்னங்க பண்றது? நேரம் முடிஞ்சுது. நாளைக்கு ஊரே வந்து சொல்லும், திங்கக்கெழமை நான் பஸ்ல இருப்பேன்."

மாரப்பன் சாக்கில் உட்கார்ந்தான். அவன் அதுவரை வழக்கத்தை மீறியவன் இல்லை. கல்யாணமான புதிதில் அவள் வைத்த ரசத்தை நாற்பத்தெட்டு நாளும் அமிர்தம் என்று குடித்தவன், நாற்பத்தொன்பதாம் நாள்தான் புளி அதிகம் என்றவன். களத்தின் அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"நாளைக்குச் சொன்னா வழக்கம்," என்றான் மெதுவாக. "இன்னைக்குச் சொன்னாத்தான நீ இருப்ப. ஒரு கொறை சொல்லட்டுமா?"

அவள் தலையாட்டினாள்.

"பத்து நாளாப் பாத்தேன். ஒவ்வொரு வார்த்தையாப் பாத்தேன். நீ என்ன வேலை செய்யறேன்னு எனக்கு இன்னும் புரியல."

தமயந்தி சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பிறகு ஆபீசுக்குள் போய், அச்செடுத்த காகிதத்தையும் சிவப்புப் பேனாவையும் எடுத்து வந்து, சாக்கில் அவன் பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எந்த வரியிலிருந்து புரியலீங்க?"

"மொத வரியிலிருந்து," என்றான் மாரப்பன்.